மைன்கிராஃப்டில் வளர்ப்பு விலங்குகளை நலமாக வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளாக் எனும் கனசதுரங்களால் ஆன உலகில் ஆடும் மைன்கிராஃப்ட் விளையாட்டில், உயிர் பிழைத்து வாழும் சர்வைவல் முறையில் விளையாடுகிறவர்கள் நாய், பூனை, குதிரை பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எண்கள் எல்லாம் கணினியில் ஆடும் ஜாவா பதிப்புக்கானவை. உயிரை இதயக் கணக்கில் சொல்கிறேன். ஒரு இதயம் என்றால் இரண்டு புள்ளி.

நாய்க்குத் தினமும் சாப்பாடு போட வேண்டுமா? போடாவிட்டால் செத்துவிடுமா?

சாகாது. பசி என்பது இந்த விளையாட்டில் நமக்கு மட்டும்தான். நூறு நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போனாலும் நாய் பட்டினியால் ஒரு இதயம்கூட இழக்காது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. நாம் வயிறு நிறையச் சாப்பிட்டால் நம் காயம் தானாக ஆறும். நாய்க்கு அப்படி ஆறாது. எலும்புக்கூடு எய்த ஒரே ஒரு அம்பு பட்டிருந்தாலும், நீங்கள் கறி கொடுக்கும்வரை அந்தக் குறை அப்படியே இருக்கும். முதல் குகையில் இரண்டு இதயம், அடுத்ததில் மூன்று என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து, பிறகு ஒருநாள் சின்ன அடியில் போய்விடும். 'நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது' என்று வருத்தப்படுகிறவர்கள் கதை பெரும்பாலும் இதுதான்.

அடிபட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாய்க்கு மேலே இதயம் எதுவும் தெரிவதில்லையே?

வாலைப் பாருங்கள். முழு உயிரோடு இருக்கும் நாயின் வால் உயர்ந்து நிற்கும். உயிர் குறையக் குறைய வால் இறங்கும். கடைசி இரண்டு மூன்று இதயங்களில் வால் பின்னங்கால்களை ஒட்டித் தொங்கும்.

பழகாத கண்ணுக்கு இது சட்டென்று தெரியாது. ஒரு வழி சொல்கிறேன். இரண்டு நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒன்றின் வால் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் அதற்கு அடிபட்டிருக்கிறது. கையில் கறியை எடுத்து அதன்மேல் ரைட் க்ளிக் செய்யுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வால் ஒரு படி மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். குகையிலிருந்து திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு, செஸ்ட்டை (பொருள் வைக்கும் பெட்டி) திறப்பதற்கு முன்னால் எல்லா வால்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம்.

எந்தக் கறி எவ்வளவு ஆற்றும்?

இந்த விளையாட்டில் நாய் என்பது பழக்கிய ஓநாய்தான். காட்டு ஓநாய்க்கு 4 இதயம்தான். எலும்பு கொடுத்துப் பழக்கியதும் அது 20 ஆகிவிடும். 2024 ஏப்ரலில் வந்த 1.20.5 பதிப்புக்கு முன் பழக்கிய நாய்க்கு 10 இதயம்தான் இருந்தது. பழைய வீடியோக்களில் அந்தக் கணக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஒரு கறி நமக்கு எத்தனை பசிப் புள்ளி தருமோ, அத்தனை இதயத்தை நாய்க்குத் திருப்பித் தரும். சுட்ட மாட்டுக்கறியும் சுட்ட பன்றிக்கறியும் 8 இதயம். சுட்ட கோழியும் சுட்ட ஆட்டுக்கறியும் 6. பச்சை மாட்டுக்கறி 3, பச்சைக் கோழி 2. சாகக் கிடக்கும் நாயைக்கூட மூன்று சுட்ட மாட்டுக்கறித் துண்டுகள் முழுசாக எழுப்பிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த மருந்து ஸாம்பி போடும் அழுகல் கறி. நாம் தின்றால் வயிறு கெடும். நாய்க்கு ஒன்றும் ஆகாது. ஒரு துண்டுக்கு 4 இதயம். ஒவ்வொரு இரவும் கை நிறையக் கிடைக்கிற பொருள், வேறு பெரிய உபயோகமும் இல்லை. தூக்கிப் போடாதீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு செஸ்ட் வைத்து அதில் சேர்த்துவிடுங்கள். பச்சைக் கோழியும் அப்படித்தான், நாய்க்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கறி கொடுத்தேன், தலைக்கு மேல் இதயங்களாகப் பறக்கின்றன. நோயா?

நோய் இல்லை. உயிர் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். முழு உயிரோடு இருக்கும் நாய்க்குக் கறி கொடுத்தால் அது ஜோடி தேடும். பக்கத்தில் அதே நிலையில் இன்னொரு நாய் இருந்தால் குட்டி பிறக்கும். வாலைப் பார்த்தும் சந்தேகம் தீராதபோது இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: இதயம் பறந்தால் காயம் இல்லை. குட்டி வேண்டாம் என்றால் இரண்டு நாய்க்கும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

குட்டி வளர 20 நிமிடம் ஆகும். இடையில் கறி கொடுத்தால் ஒவ்வொரு முறையும் மீதி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும்.

நாய்க்கு ஆர்மர் (கவசம்) அவசியமா?

குகைக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் அவசியம். இதுவும் 1.20.5-இல் வந்ததுதான். ஆர்மடில்லோ என்ற ஓடுள்ள விலங்கின் ஓட்டுத் துண்டு ஆறு சேர்த்துச் செய்ய வேண்டும். ஆர்மடில்லோ சவன்னா நிலத்திலும் பேட்லேண்ட்ஸிலும் இருக்கும். அதைக் கொல்ல வேண்டியதில்லை. பிரஷ்ஷால் தேய்த்தால் ஓட்டுத் துண்டு விழும். வேலி போட்டு இரண்டு மூன்று வைத்துக்கொண்டால் அவ்வப்போது தானாகவும் உதிர்க்கும்.

இந்த ஆர்மரின் சிறப்பு, வரும் அடியைக் குறைப்பதில்லை, முழுவதையும் தானே வாங்கிக்கொள்கிறது. 64 புள்ளி தாங்கும், அதுவரை நாயின் உயிர் குறையாது. தேயத் தேய அதில் விரிசல் தெரியும். விரிசல் கண்டதும் கையில் ஓட்டுத் துண்டை எடுத்து நாய்மேல் ரைட் க்ளிக் செய்தால் சரியாகும். ஒரு துண்டுக்கு 8 புள்ளி. கறியோடு சேர்த்து ஒரு எட்டுத் துண்டாவது கையில் இருக்கட்டும். கழற்ற வேண்டுமானால் கத்தரிக்கோல்.

அதனால் தடுக்க முடியாதவையும் உண்டு. தண்ணீரில் மூச்சுமுட்டுவது, சுவருக்குள் சிக்கி நசுங்குவது, பனிக்குழியில் உறைவது, சூனியக்காரி வீசும் போஷன் (மாய மருந்து) ஆகியவை ஆர்மரைத் தாண்டி நேராக உயிரைத் தொடும்.

நாயைக் குகைக்குக் கூட்டிப்போகலாமா, வேண்டாமா?

இதற்கு நான் நேராகவே பதில் சொல்கிறேன்: மேல்மட்டக் குகைக்குக் கூட்டிப்போங்கள்; லாவா இருக்கும் ஆழத்துக்கு வேண்டாம்.

காரணம் நாயின் குணத்திலேயே இருக்கிறது. நீங்கள் யாரை அடித்தாலும், யார் உங்களை அடித்தாலும், அது யோசிக்காமல் பாயும். எலும்புக்கூட்டைக் கண்டால் நீங்கள் எதுவும் செய்யாதபோதும் துரத்தும். எலும்புக்கூடு பயந்து பின்வாங்கும், நாய் விடாமல் போகும், நடுவில் என்ன இருக்கிறது என்று இரண்டும் பார்ப்பதில்லை.

காட்டு ஓரத்தில் கிடைத்த செம்பழுப்பு நிற நாய் ஒன்று என்னிடம் இருந்தது. செவலை என்று பெயர்ச்சீட்டு போட்டிருந்தேன். ஒரு ஆழ்குகையில் நான் வைரத்தைச் சுற்றிக் கல்லை வெட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் எலும்பு உரசும் சத்தம், அப்புறம் செவலையின் உறுமல். திரும்பினேன். லாவா ஏரியின் கரையில் நின்று அது எலும்புக்கூட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. வந்த அம்பு அதை ஒரு ப்ளாக் தூரம் பின்னால் தள்ளியது. அந்த ஒரு ப்ளாக்தான். நான் ஓடுவதற்குள் திரையின் கீழ்மூலையில், செவலை லாவாவில் நீந்தப் பார்த்ததாக ஒரு வரி வந்துவிட்டது. வைரம் நான்கு கிடைத்தது. அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறவே மனமில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். லாவாவின் ஆரஞ்சு வெளிச்சம் கண்ணில் பட்டதும் நாயை அங்கேயே, சுவரை ஒட்டி உட்கார வைத்துவிடுவேன். சுற்றி இரண்டு தீப்பந்தம், திறந்த பக்கத்தில் நான்கு கல். வேலை முடிந்து வரும் வழியில் எழுப்பிக் கூட்டி வருவேன்.

இன்னொன்று க்ரீப்பர், கிட்டே வந்து வெடிக்கும் அரக்கன். நாய் க்ரீப்பரைத் தாக்காது. ஆனால் விலகவும் விலகாது. உங்கள் காலடியில் நிற்கும்போது வெடித்தால் அதற்கும் சேர்த்துத்தான் அடி. க்ரீப்பரைப் பார்த்ததும் நாய் இல்லாத பக்கமாக நீங்கள் ஓடுங்கள். அது உங்களைத்தான் துரத்தும், நாயை அல்ல.

விதர் என்ற அரக்கனோடு நடக்கும் சண்டைக்கும் வார்டன் என்ற அரக்கன் இருக்கும் ஆழ்இருட்டுக்கும் எந்த விலங்கையும் கொண்டுபோகாதீர்கள். இரண்டுமே உங்களை மட்டுமல்ல, உங்கள் விலங்கையும் அடிக்கும்.

வீட்டில் உட்கார வைத்த நாய் திடீரென்று என் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஏன்?

வீட்டில் அதற்கு அடிபட்டிருக்கிறது. உட்கார்ந்திருக்கும் நாய்க்கு ஏதாவது காயம் பட்டால் எழுந்துவிடும். எழுந்த நாய் உங்களிடமிருந்து 12 ப்ளாக்குக்கு மேல் விலகியிருந்தால் பக்கத்தில் தாவி வந்துவிடும். முதலில் வாலைப் பார்த்துக் கறி கொடுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போய் எதனால் என்று தேடுங்கள். நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் நெருப்பு அல்லது முள்தான்: அலங்காரத்துக்கு வைத்த திறந்த அடுப்பு, நடைபாதை ஓரத்துக் கேம்ப்ஃபயர், வேலி ஓரத்துப் பெர்ரிச் செடி. கேம்ப்ஃபயர்மேல் நின்றால் விலங்குக்கும் சுடும். பெர்ரிச் செடிக்குள் நடந்தால் முள் குத்தும். இவற்றை விலங்குகள் இருக்கும் அறையில் வைக்காதீர்கள்.

பூனைக்கு என்ன கொடுப்பது?

பச்சை காட், பச்சை சால்மன். சுட்ட மீன் வேண்டாம், தொடாது. பூனைக்கு மொத்தமே 5 இதயம், ஒரு மீனுக்கு ஒரு இதயம் ஏறும். வால் பார்த்துக் கண்டுபிடிக்கும் வசதி பூனைக்கு இல்லை. ஆகவே சந்தேகம் வந்தாலே ஒரு மீன் கொடுத்துவிடுவது நல்லது.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனைக்கு அடிபடாது. ஆனால் உயிர் குறைவு, ஆர்மரும் கிடையாது. என் கருத்து, பூனையைச் சண்டைக்கே கொண்டுபோக வேண்டாம். அது வீட்டில் இருந்துகொண்டே பெரிய வேலை செய்கிறது: க்ரீப்பர் பூனையைக் கண்டால் ஓடும், பேன்டம் என்ற பறக்கும் அரக்கன் கிட்டே வராது. வாசலில் ஒன்று, கொட்டகையில் ஒன்று உட்கார வைத்தால் மற்ற விலங்குகளுக்கும் அது காவல். செஸ்ட்டுக்கு மேல் மட்டும் உட்கார விடாதீர்கள். அது எழுந்திருக்கும்வரை செஸ்ட் திறக்காது.

குதிரைக்கு உயிர் எவ்வளவு இருக்கிறது என்று எங்கே பார்ப்பது?

ஏறி உட்காருங்கள். உங்கள் பசிக் கோடு இருந்த இடத்தில் குதிரையின் இதயங்கள் வரும். குதிரைக்குக் குதிரை இது மாறும்: ஏழரை இதயத்தில் தொடங்கி 15 வரை. காட்டில் பிடிக்கும்போதே நாலைந்தில் ஏறிப் பார்த்து, உயிர் அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுப்பது பின்னால் மிகவும் உதவும்.

நாயைப் போல் இல்லாமல் குதிரைக்குக் காயம் தானாகவும் ஆறும், ஆனால் மிக மெதுவாக. அரை இதயம் ஏற முக்கால் நிமிடம் அளவுக்கு ஆகும். அவசரத்துக்கு வைக்கோல் கட்டுதான் சரி. ஒன்பது கோதுமையில் ஒரு கட்டு, அது 10 இதயம் ஏற்றும். அதே ஒன்பது கோதுமையைத் தனித்தனியாகக் கொடுத்தால் 9 இதயம் வரும். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சண்டை நடுவே ஒன்பது முறை அழுத்த நேரம் இருக்காது. சர்க்கரை அரை இதயம், ஆப்பிள் ஒன்றரை. தங்க ஆப்பிள் 5 இதயம் தரும் என்றாலும் அதைக் காயத்துக்குச் செலவழிக்காதீர்கள். குட்டி போட வைக்க அது வேண்டும்.

குதிரை ஆர்மர் தேய்வதே இல்லை. ஒருமுறை போட்டால் போட்டதுதான். நல்லதாகக் கிடைக்கும்வரை காத்திருக்காமல் ஏழு தோலில் ஒரு தோல் ஆர்மர் செய்து போட்டுவிடுங்கள். பனிமலைப் பக்கம் போகிறவர்களுக்குக் கூடுதல் நன்மை: தோல் ஆர்மர் போட்ட குதிரை பனிக்குழியில் உறையாது.

குதிரை பின்னால் வராது என்பதை மறந்துவிடாதீர்கள். இறங்கினால் கயிற்றால் வேலிக் கம்பத்தில் கட்டுங்கள்.

லாமாவுக்கும் அதே கணக்கா?

கோதுமை ஒரு இதயம், வைக்கோல் கட்டு 5 இதயம். மற்றதெல்லாம் அதற்கு வேண்டாம்.

கிளிக்குப் பிஸ்கட் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. ஒரே ஒரு பிஸ்கட், உடனே செத்துவிடும். 2017-இல் 1.12 பதிப்பின் தயாரிப்பில் கிளியைப் பழக்குவதே பிஸ்கட்டால்தான் என்று இருந்தது. சாக்லேட் நிஜக் கிளிகளுக்கு நஞ்சு, விளையாடும் குழந்தைகள் வீட்டுப் பறவைக்கும் கொடுத்துவிடக் கூடும் என்று எதிர்ப்பு வந்ததும், விதையால் பழக்குவதாக மாற்றினார்கள். பிஸ்கட்டை நஞ்சாக்கினார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

கிளிக்கு மூன்றே இதயம். குட்டியும் போடாது, ஆகவே இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும். தோளில் வைத்துக்கொண்டு நடந்தால், நீங்கள் அடிபட்டதும் அல்லது தண்ணீரில் இறங்கியதும் அது கீழே இறங்கிவிடும். சண்டை நடுவே அப்படி இறங்கினால் ஆபத்து. வெளியே கிளம்பும்போது வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போங்கள்.

ஆக்சலாட்டல் (நீரில் வாழும் பிராணி) தரையில் துள்ளுகிறது. எவ்வளவு நேரம் தாங்கும்?

ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு காய்ந்து உயிர் குறையத் தொடங்கும். மழை பெய்தால் கவலையில்லை. இது நாய்போல் பழகும் பிராணி அல்ல. தண்ணீர் வாளியில் அள்ளிக்கொண்டு போவதுதான் பாதுகாப்பான வழி. வாளிக்குள் இருக்கும்வரை அதற்கு எதுவும் ஆகாது. தொட்டி கட்டும்போது ஓரத்தை ஒரு ப்ளாக் உயர்த்திக் கட்டுங்கள், வெளியே ஏறி வராது.

போஷன் கொடுத்தால் ஆறுமா?

ஆறும். ஆனால் குடிக்கும் போஷனை விலங்குக்குக் கொடுக்க முடியாது. வீசும் ஸ்ப்ளாஷ் வகைதான். தண்ணீர் பாட்டிலில் நெதர் வார்ட், அப்புறம் தங்கத்துணுக்கு சேர்த்த தர்ப்பூசணித் துண்டு, கடைசியில் வெடிமருந்து. காலடியிலேயே விழுந்தால் 2 இதயம், க்ளோஸ்டோன் சேர்த்த வலுவானது 4 இதயம். தள்ளி விழுந்தால் குறையும்.

நாய் ஒன்றுதான் என்றால் கறியே மேல். நாலைந்து நாய்கள் சண்டை நடுவே அங்குமிங்கும் ஓடும்போது, ஒவ்வொன்றின் வாலையும் தேடிக்கொண்டிருக்க முடியாதபோது, கூட்டத்தின் நடுவில் ஒரு பாட்டிலை வீசுவது நன்றாக உதவும். எலும்புக்கூட்டுக் குதிரை வைத்திருப்பவர்கள் கவனம்: இறந்தவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதால் ஆற்றும் போஷன் அதைக் காயப்படுத்தும்.

இருபது முப்பது விலங்கை ஒரே பட்டியில் அடைக்கலாமா?

அடைக்கலாம், பட்டி பெரிதாக இருந்தால். ஒரே ப்ளாக்கில் 24-க்கு மேல் நெருக்கியடித்தால் நசுங்கி உயிர் போகத் தொடங்கும். வெளிச்சமும் வேண்டும்; 1.18-க்குப் பிறகு முழு இருட்டில்தான் பொல்லாதவை தோன்றும், ஆகவே மூலைக்கு ஒரு தீப்பந்தம் போதும்.

கடல் தாண்டிப் போக வேண்டும். நாயை எப்படிக் கொண்டுபோவது?

படகில். நாய்மேல் படகை மெதுவாக மோதினால் ஏறிக்கொள்ளும். உங்களோடு சேர்த்து இரண்டு பேருக்கு இடம். படகில் ஏற்றாமல் 'தானாகப் பின்னால் தாவி வரும்' என்று நம்பிக் கிளம்பாதீர்கள். நாய் தாவி வர உங்கள் பக்கத்தில் நிற்கத் தரை வேண்டும். நடுக்கடலில் அது கிடையாது.

எலிட்ரா என்ற இறக்கையில் வேகமாகப் பறந்து போனாலும் பின்தங்கிவிடும். தொலைந்தது என்று பயப்படத் தேவையில்லை, பழக்கிய நாய் மறைந்து போகாது. கடைசியாக அதைப் பார்த்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள், அங்கேயே இருக்கும். நெதர் என்ற வேறு உலகத்துக்குப் போகும் கதவுக்கும் இது பொருந்தும்: நீங்கள் நுழைந்தால் நாய் கூடவே வராது. வீட்டுப்பக்கத்திலேயே இருக்கட்டும், நெதரில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

என் நாய் இறந்துவிட்டது. திரும்பக் கொண்டுவர முடியுமா?

முடியாது. எப்படி இறந்தது என்று உரையாடல் பெட்டியில் ஒரு வரி வரும், அதைப் படியுங்கள். விழுந்ததா, எரிந்ததா, யார் கொன்றது என்று அதில் இருக்கும். அந்த இடத்தைச் சரிசெய்தால் அடுத்த நாய் பிழைக்கும். உலகை முன்பே பேக்கப் எடுத்து வைத்திருந்தால் அந்த நாளுக்குத் திரும்பலாம். ஜாவாவில் உலகப் பட்டியலில் 'எடிட்' பொத்தானுக்குள் பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. பெரிய பயணத்துக்கு முன்னால் அதை ஒருமுறை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள். செவலை போன அன்று என்னிடம் பேக்கப் இல்லை. அதன் குட்டி ஒன்று மட்டும் வீட்டில் இருந்தது. அதே செம்பழுப்பு நிறம். இப்போது ஆர்மர் போட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது.